ஆபத்துக் காலத்தில் பஞ்சாயத்தின் அதிகாரமும் கடமையும்
(திருப்பூர் வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்காக நிகழ்த்திய பிரசங்கம்)



ஆபத்து வந்த பின்பு, "இதற்கு யார் உத்தரவிட வேண்டும்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு நிற்பதே பெரும்பாலான கிராமங்களில் நேர்ந்துவரும் இரண்டாவது ஆபத்தாகும். அதனைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதைப்பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் சிறு நதி. வருஷத்தில் பெரும்பாகம் அதில் நல்ல நீரைக் காண்பது அரிது. ஆகையினாலேயே ஜனங்கள் அதனையும் அதில் வந்து சேரும் ஓடைகளையும் அஞ்சுவதில்லை. பனியன் கம்பெனிகளுக்கு வேலை தேடி வந்தவர்கள், வாடகை குறைவென்று ஓடைக்கரைகளில் குடியேறினார்கள். 2011-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் பெய்த பெருமழையின்போது, வறண்டு கிடந்த ஓடைகள் ஓரிரவிலே கரைபுரண்டு, திருப்பூரில் வீடுகளையும் உயிர்களையும் வாரிக்கொண்டு போயின. வெள்ளம் வந்தது வானத்திலிருந்து. ஆனால் அதன் வழியில் குடிசைகள் இருந்தது மனிதர் செய்கையால்.

இத்தகைய காலத்தில் அதிகாரம் யாரிடத்தில் இருக்கிறது? 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை நாகப்பட்டினம் ஜில்லா ஒன்றிலேயே 6,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அதற்கு அடுத்த வருஷத்தில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டப்படி ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஓர் ஆணையம் உண்டு. கலெக்டர் அதன் தலைவர். ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தல ஸ்தாபனப் பிரதிநிதி இணைத் தலைவர். போக்குவரத்தைத் தடுக்கவும், ஜனங்களை அப்புறப்படுத்தவும், உணவும் இருப்பிடமும் அளிக்கவும் அவ்வாணையத்திற்கு அதிகாரம் உண்டு.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் பஞ்சாயத்துக்கு வேலையில்லை" என்று சிலர் நினைக்கலாம். அது பிழை. அதே சட்டத்தின் 41-வது பிரிவு பஞ்சாயத்துகளுக்கும் நகரசபைகளுக்கும் நான்கு கடமைகளை விதிக்கிறது. முதலாவது, சிப்பந்திகளுக்குப் பயிற்சி அளித்தல். இரண்டாவது, வேண்டிய சாதனங்களை எந்நேரமும் ஆயத்தமாக வைத்தல். மூன்றாவது, தன் எல்லைக்குட்பட்ட கட்டட வேலைகள் விதிப்படி நடக்கின்றனவா என்று பார்த்தல். நான்காவது, திட்டப்படி நிவாரணமும் புனர்நிர்மாணமும் செய்தல். இவையன்றி, அவசியமான மற்ற ஏற்பாடுகளையும் செய்யலாம் என்று அப்பிரிவே அனுமதிக்கிறது. நடு இரவில் ஓடை பெருகுகிறதென்று வைத்துக்கொள்வோம். தண்டோரா போடவும், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடவும், கரையிலுள்ளவர்களை மேட்டுக்கு அழைத்து வரவும் கலெக்டரின் கடிதத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பஞ்சாயத்து தானாகச் செய்யக்கூடாததும் உண்டு. ஒருவருடைய லாரியையோ கிடங்கையோ கட்டாயமாக எடுத்துக்கொள்ளத் தலைவருக்கு அதிகாரமில்லை. 65-வது பிரிவின்படி அவ்வுத்தரவு மேலதிகாரிகளிடமிருந்தே வரவேண்டும். அவ்வாறு எடுத்தால் உரியவருக்கு ஈடு கொடுக்க வேண்டுமென்று 66-வது பிரிவு கூறுகிறது. ஆனால் கம்பெனிக்காரர் ஒருவர் தம் வண்டியை மனமுவந்து கொடுப்பதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. இன்னாரிடத்தில் இத்தனை வண்டி உண்டு என்று மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

பணத்தைப்பற்றியும் ஒரு சொல். 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 203-வது பிரிவுப்படி, அவசர காலத்தில் பஞ்சாயத்து செய்யக்கூடிய வேலையைக் கலெக்டர் தாமே செய்வித்து, அச்செலவைப் பஞ்சாயத்து நிதியிலிருந்து கொடுக்கச் சொல்லலாம். ஆகவே நாம் செய்யாது விட்டாலும் செலவு நம்முடையதே. யோசனை மட்டும் பிறருடையதாகிவிடும்.

முற்காலத்து முறை வேறு. 1858-ஆம் வருஷத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தின்படி, ஏரியோ ஆற்றங்கரையோ உடையும் தறுவாயில் உடல்வலியுள்ள கூலியாட்களைக் கிராமத் தலைவர் வேலைக்கு அழைக்கலாம், மறுத்தவர் தண்டனைக்குள்ளாவர். அச்சட்டம் உழைப்பவரின் கையை மட்டுமே கேட்டது. இன்றைய சட்டமோ அதிகாரத்தில் இருப்பவரிடத்தில் முன்யோசனையைக் கேட்கிறது. இதுவே மேலான முறை.

ஆபத்து வெள்ளமாகவே வரவேண்டுமென்பதில்லை. 2020 மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயின் பொருட்டு இதே சட்டத்தைக் கொண்டு தேசம் முழுவதும் அடைக்கப்பட்டது. திருப்பூரில் தறியும் தையலும் நின்றன. பீகார், ஒடிஸா முதலிய மாகாணங்களிலிருந்து வந்த தொழிலாளிகள் கூலியின்றித் தங்கள் அறைகளில் அடைபட்டார்கள். சர்க்கார் கொடுத்த இலவச அரிசி பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களின் ரேஷன் கடைகள் மூலமாகவே வீடுகளை அடைந்தது. ஆனால் வெளிமாகாணத்தார்க்கு இங்கே ரேஷன் கார்டு ஏது? எந்த மாகாணத்துக் கார்டுக்கும் பொருள் வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் அவ்வருஷம் அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. எத்தனை பேர் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்ற கணக்கு அதற்கு முன்பே கிராமந்தோறும் இருந்திருந்தால், எவ்வளவோ துன்பம் குறைந்திருக்கும்.

ஆகையால் அங்கத்தினர்களுக்கு மூன்று யோசனைகள் கூறுகிறேன். சங்கத்துக் கிடங்கில் ஒரு பகுதியை மழைக்காலத்தில் அரிசிக்கும் குடிநீருக்கும் ஒதுக்கலாமா என்று நிர்வாக சபையில் ஆலோசியுங்கள். ஓடைக்கரையில் வசிப்போர், கர்ப்பிணிகள், முதியோர், வெளியூர்த் தொழிலாளிகள் ஆகியோரின் ஜாபிதாவைத் தயார் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக, அக்டோபர் 2-ந் தேதி கிராமசபை கூடுகிறது. அன்று இவ்விரண்டையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து இல்லாத காலமும் உண்டு. நம் ஜில்லாவில் 2025 ஜனவரி 5-ந் தேதியோடு அவற்றின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். நாற்காலியில் அமர்பவர் மாறினாலும் கடமை மாறுவதில்லை. அதனை நினைவூட்டும் உரிமையும் உங்களுக்குண்டு.

ஓடைப் புறம்போக்கிலுள்ள குடிசைகளைப்பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அவற்றை அகற்றும் அதிகாரம் கலெக்டர், தாசில்தார் முதலியோரைச் சேர்ந்தது. ஆனால் மாற்று இடம் காட்டாமல் அகற்றினால், அந்த ஏழை வேறோர் ஓடைக்கரைக்கே போவான். அவன் தைத்த உடை கடல் கடந்து செல்கிறது. அவன் உறங்குவதற்கு ஒரு மேட்டு நிலம் வேண்டுமென்று கிராமசபையில் முதலாவதாக எழுந்து கேட்பவர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினராக இருக்கட்டும்.