வீட்டுத் திரையில் கண்ட படங்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. சிலம்பும் குறளும் பேசத்தக்க அறிஞர்கள் இங்கே வீற்றிருக்கின்றனர். எங்களுக்கு இடப்பட்ட பணியோ எளியது. "அண்மையில் வீட்டில் பார்த்த படங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் நம் செயலாளர். நாங்கள் திறனாய்வாளர் அல்லோம். இரவு உணவு முடிந்தபின் நான்கு தலைமுறையும் கூடத்தில் அமர்ந்து படம் பார்க்கும் குடும்பத்தார், அவ்வளவே. அந்த அளவில் எங்கள் சொற்களைக் கொள்ள வேண்டுகிறோம்.

நாங்கள் தில்லிக்கு வந்து சேர்ந்த 1980-களில் தமிழ்ப் படம் காண்பது அரிது. ஞாயிறு பிற்பகலில் தூர்தர்ஷன் ஒரு மாநில மொழிப் படத்தை ஒளிபரப்பும். வங்காளம், மலையாளம், கன்னடம் என்று சுற்றித் தமிழின் முறை வருவதற்குள் வாரங்கள் பல கழிந்துவிடும். அந்நாளில் பெட்டி இருக்கும் வீட்டில் அக்கம்பக்கத்துத் தமிழர் அனைவரும் கூடுவோம். பாய் விரிப்பார்கள், முறுக்குத் தட்டு வலம் வரும். மின்சாரம் போய்விட்டால் அனைவர் முகமும் வாடும். 1993-ஆம் ஆண்டு சன் தொலைக்காட்சி தோன்றியது. பின்னர் இணையமும் வந்தது. இன்று பல படங்கள் திரையரங்கில் வெளியான சில வாரங்களிலேயே நம் கூடத்திற்கு வந்துவிடுகின்றன. பாய் விரிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

முதலாவதாக, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்த 'பொன்னியின் செல்வன்'. கல்கி இதழில் வந்த தொடரைக் கிழித்தெடுத்துத் தைத்த தொகுதிகளைப் பெண்மையின் பருவத்திலேயே படித்தவர் எங்கள் அன்னையார். படம் முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "மணிமேகலையை எங்கே காணோம்?" எங்கள் பேரனுக்கு அப்படி ஒருத்தி கதையில் உண்டு என்பதே புதுச் செய்தி. கொள்ளுப்பாட்டியார் நான்கு இரவுகள் அவனுக்கு அந்தக் கதையைச் சொன்னார். படத்தின் போர்க்காட்சிகளும் இசையும் எங்களுக்குப் பிடித்திருந்தன. எனினும், படம் விட்டுவிட்டதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் இருந்ததே எங்களுக்குக் கிடைத்த பெரும்பயன் என்போம்.

அடுத்தது 2022-இல் வந்த 'கடைசி விவசாயி'. மணிகண்டன் இயக்கிய இப்படத்தில் முதன்மை வேடம் ஏற்ற நல்லாண்டி என்னும் முதியவர் மெய்யாகவே உழவர். படம் வெளிவருமுன்னரே அவர் காலமாகிவிட்டார். 2023-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக இது தேர்வு பெற்றது. அம்முதியவருக்கும் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. மயில்களைக் கொன்றதாகப் பொய் வழக்கில் சிக்கிய கிழவருக்குச் சிறையைக் குறித்துக் கவலை இல்லை. வயலில் வாடும் பயிரைக் குறித்தே கவலை. "ஏன் தாத்தா, இவருக்குப் பயமே இல்லையா?" என்று பேரன் கேட்டான். எங்களுக்கு உடனே விடை வரவில்லை. நெல் விளையும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஆயினும் நாற்று எத்தனை நாளில் நடுவது என்று அவன் கேட்டபோதும் அன்னையாரின் முகத்தையே பார்த்தோம்.

2025-இல் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' நம் போன்ற காலனிவாசிகள் காண வேண்டிய படம். இலங்கையிலிருந்து படகேறி வந்த ஒரு குடும்பம், தங்கள் பேச்சு தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என அஞ்சியபடி சென்னையில் ஒரு குடியிருப்பில் வாழ்கிறது. அடுத்த வீட்டார் பெயரறியாத அந்தத் தெருவைக் கண்டபோது எங்கள் தெருவைக் கண்டது போலவே இருந்தது. எல்லாரும் இத்தனை விரைவில் நல்லவராகிவிடுவார்களா என்று எங்கள் மருமகள் ஐயுற்றாள். ஐயம் நியாயமானதே. ஆயினும் மறுநாள் காலை எதிர்வீட்டு முதியவரிடம் அவள் தானே சென்று நலம் விசாரித்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இறுதியாக 'மெய்யழகன்'. 2024-இல் பிரேம்குமார் இயக்கத்தில் வந்தது. 1996-இல் தஞ்சையில் வீட்டை இழந்து சென்னை சென்ற ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் நீடாமங்கலத்தில் நடக்கும் ஒரு திருமணத்திற்கு வருகிறார். "அத்தான், அத்தான்" என்று உறவினர் ஒருவர் அன்பைப் பொழிகிறார். அவர் பெயர் என்னவென்று வந்தவருக்கு நினைவில்லை, கேட்கவும் வெட்கம். இதுவே கதை. படம் நீளம் என்று சொன்னவர் பலர். வெளியான பின் சில பகுதிகளைக் குறைக்கவும் செய்தனர். எங்களுக்கு நீளம் தோன்றவில்லை. ஓர் இரவுப் பயணத்தில் ஊர் திரும்பக்கூடிய சென்னைவாசிக்கே அந்த நிலை எனில், இரண்டு இரவு ரயிலில் கழித்து வந்து குடியேறிய நம் நிலை யாது?

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. நாங்கள் முதன்முதல் தில்லிக்குப் புறப்பட்ட நாளில், எங்கள் தாய்மாமன் மகன் ஒருவர் டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து கும்பகோணம் நிலையம் வரை வந்தார். வண்டி நகரும் வரை சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம் நினைவில் இருந்தது, பெயர் இல்லை. காலையில் அன்னையாரைக் கேட்டோம். அவர் பெயரையும் ஊரையும் உடனே சொன்னார். உறவினர் மூலம் தொலைபேசி எண்ணைப் பெற்று அழைத்தோம். எடுத்தது அவர் மகள். "அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறதே" என்றாள். பிறகு சற்றும் கடுமை இன்றிச் சொன்னாள்: "உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, மாமா."

அன்பர்களே, அந்தப் பெண்மீது குறை இல்லை. நாம் அங்கே யாருக்கும் தோன்றாதபடி வாழ்ந்திருக்கிறோம். அருகில் இருந்த பேரன், "அவர் எனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டான். எங்களுக்கு அத்தான், உன் அப்பாவுக்கு மாமா, உனக்குத் தாத்தா என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னோம். அவன் பார்க்கும் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளில் இந்த வேறுபாடுகள் தங்குவதில்லை. மாமாவும் சித்தப்பாவும் பெரியப்பாவும் அங்கே ஒரே 'அங்கிள்' ஆகிவிடுகின்றனர்.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு, அவரவர் வீட்டில் ஒரு தமிழ்ப் படத்தை ஆங்கில வரிகளை நிறுத்திவிட்டுக் குழந்தைகளோடு பாருங்கள். புரியாத சொல் வந்தால் படத்தை நிறுத்திச் சொல்லுங்கள். நிறுத்தும் வசதி அன்றைய தூர்தர்ஷனில் இல்லை, இன்று கையிலேயே இருக்கிறது. தனித்து வாழும் முதியவர் அடுத்த வீட்டில் இருந்தால் அவரையும் அழையுங்கள். படம் நன்றாக இல்லாவிட்டாலும் கேடில்லை; பேச்சு நன்றாக இருக்கும். படம் முடிந்ததும் ஊரில் ஒருவரையேனும் தொலைபேசியில் அழையுங்கள். நாங்கள் இரண்டு ஆண்டு தாமதமாக அழைத்தோம்.

அந்த உறவினரின் பெயரை இம்மேடையில் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இப்போது அனைவருக்கும் தெரியும். அவர் மகள் வீட்டில் வரும் தை மாதம் ஒரு காதணி விழா, அழைப்பு வந்திருக்கிறது. பேரனுக்கும் சேர்த்து ரயில் பயணச்சீட்டு எடுத்துவிட்டோம்.