நாக்கு என்ன சொல்கிறது?



காலையில் பல் துலக்கிய கையோடு நாக்கையும் வழித்துவிடுவது தமிழர் வீட்டுப் பழக்கம். செம்பு, எவர்சில்வர், பிளாஸ்டிக் என்று ஏதாவது ஒரு நாக்கு வழிப்பான் வீட்டில் இருக்கும். இந்தப் பழக்கமுள்ள ஒரு தமிழ் அம்மாள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள சீன மருந்துக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் நாடி பார்த்துவிட்டு நாக்கை நீட்டச் சொல்கிறார். பிறகு, "ஆன்ட்டி, இன்றைக்கு நாக்கை வழித்துவிட்டீர்களா?" என்று கேட்கிறார். ஆமாம் என்று பதில் வந்தால் அவருக்குச் சற்று ஏமாற்றந்தான். அவர் படிக்க வேண்டிய ஏட்டில் பாதி காலையிலேயே அழிந்துவிட்டது.

சீன மருத்துவத்தில் நோயறிய நான்கு வழிகள் உண்டு. கண்ணால் பார்ப்பது முதல் வழி. குரலையும் மூச்சையும் கேட்டு, வாடையையும் முகர்ந்து அறிவது இரண்டாவது. சீன மொழியில் கேட்பதற்கும் முகர்வதற்கும் ஒரே எழுத்துதான். மூன்றாவது விசாரிப்பது, நான்காவது தொட்டு நாடி பார்ப்பது. நாக்கைப் பார்ப்பது முதல் வழியில் அடங்கும்.

நாக்கில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். ஒன்று நாக்கின் சதை: அதன் நிறம், தடிப்பு, வெடிப்பு, ஓரத்தில் பல் பதிந்த தடம். மற்றொன்று அதன் மேல் படியும் மாவு: வெள்ளையா மஞ்சளா, மெல்லியதா தடித்ததா, ஈரமா வறட்சியா, இடையிடையே உரிந்திருக்கிறதா. நாக்கின் நுனி இதயத்துக்கும் அதை அடுத்த பகுதி நுரையீரலுக்கும் உரியவை என்பது அவர்கள் கணக்கு. ஓரங்கள் கல்லீரலையும், நடுப்பகுதி மண்ணீரலையும் வயிற்றையும், அடிப்பகுதி சிறுநீரகத்தையும் காட்டும். வெளிறிய நாக்கு என்றால் சத்துக் குறைவு, சிவந்த நாக்கு என்றால் உடலில் சூடு. தடித்த மஞ்சள் மாவு என்றால் சூடும் ஈரமும் சேர்ந்துவிட்டன என்று பொருள்.

இது எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? இருக்கத்தான் வேண்டும். நம் சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாக்கும் ஒன்று. நாடி, கண், குரல், உடலின் நிறம், தொடு உணர்வு, மலம், சிறுநீர் ஆகியவற்றோடு நாவையும் பார்த்தே வைத்தியர் முடிவு சொல்வார். வாதம் மிகுந்தால் நாக்கு வறண்டு வெடித்துக் கறுக்கும், பித்தம் மிகுந்தால் மஞ்சளிக்கும் அல்லது சிவக்கும், கபம் மிகுந்தால் வெண்மையாகப் பிசுபிசுக்கும் என்பார்கள். சீனர்கள் இந்தக் கலையை மிக விரிவாக எழுதிவைத்தார்கள். 1341ஆம் ஆண்டிலேயே 36 நாக்குப் படங்களுடன் ஒரு நூல் அங்கே உருவாகிவிட்டது. காய்ச்சல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நாக்கை வைத்துச் சொல்வதே அதன் நோக்கம்.

சிங்கப்பூரில் இந்த மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1867ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தோங் சாய் மருத்துவ நிலையம், இன மத வேறுபாடு பார்க்காமல் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்தது. யூ டோங் சென் ஸ்திரீட்டில் 1892ஆம் ஆண்டு எழுந்த அதன் பழைய கட்டடம் 1973ஆம் ஆண்டு தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நிலையம் பின்னர் சின் சுவீ சாலைக்கு மாறியது. 2000ஆம் ஆண்டு நாடாளுமன்றம் பாரம்பரிய சீன மருத்துவர் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அமைந்த வாரியத்தில் பதிவு செய்து, நடப்பில் உள்ள சான்றிதழ் வைத்திருப்பவரே சீன மருத்துவராகத் தொழில் செய்யலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டு உயிர்மருத்துவ அறிவியலையும் சீன மருத்துவத்தையும் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கியது. லிட்டில் இந்தியாவில் ஆயுர்வேத நிலையங்கள் பல இருந்தாலும், ஆயுர்வேதத்துக்கும் சித்தத்துக்கும் இங்கு இப்படி ஒரு பதிவுச் சட்டம் இல்லை. நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, நாக்கைப் பார்த்து நோயைச் சொல்லிவிட முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆங்கில மருத்துவரும் நாக்கைப் பார்க்கத்தான் செய்கிறார். குழந்தையின் நாக்கு ஸ்ட்ராபெரி பழம்போல் சிவந்து புள்ளியிட்டிருந்தால் செம்புள்ளிக் காய்ச்சலா, கவாசாகி நோயா என்று யோசிப்பார். நாக்கு நீலம் பாய்ந்தால் ரத்தத்தில் உயிர்வாயு குறைவு. நீட்டும்போது ஒரு பக்கமாகக் கோணினால் நரம்புக் கோளாறு இருக்கலாம். ஆனால், நுனி இதயம், ஓரம் கல்லீரல் என்ற வரைபடத்துக்கு உடற்கூறு அறிவியலில் ஆதாரம் கிடையாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரே நாக்குப் படங்களைச் சீன மருத்துவர் பலரிடம் காட்டிக் கேட்டபோது, ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. அந்த ஆய்வு 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. அறையின் விளக்கு வெளிச்சமே நிறத்தை மாற்றிக் காட்டும். கோப்பிக்கடையில் ஒரு கோப்பி-ஓ குடித்துவிட்டுப் போனால் மாவு பழுப்பாகத் தெரியும், மஞ்சள் போட்ட மீன் குழம்பு என்றால் கேட்கவே வேண்டாம். இப்படி ஏறும் நிறத்துக்குச் சாயமேறிய மாவு என்று சீன மருத்துவர்களே பெயர் வைத்து, ஏமாந்துவிடாதீர்கள் என்று மாணவர்களை எச்சரிக்கிறார்கள்.

கணினியும் இப்போது நாக்கைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. நிறத்தை அது சரியாகப் பிரித்துவிடும். நிறம் தெரிவது ஒன்று, அந்த நிறத்துக்குக் காரணம் தெரிவது வேறு.

நம் சமூகத்துக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நாக்கு வழுவழுவென்று, மாவே இல்லாமல், கண்ணாடிபோல் பளபளத்துச் சிவந்திருக்கிறது. காரம் பட்டால் எரிகிறது. சீன மருத்துவர் இதைக் கண்ணாடி நாக்கு என்பார். வயிற்றின் குளிர்ச்சி வற்றிவிட்டது என்று சொல்லி, ஈரப்பசை ஊட்டும் மூலிகைகளைக் கொடுப்பார். சித்த வைத்தியர் பித்தம் என்று நினைக்கலாம். இதே நாக்கைப் பார்த்து மருத்துவமனையில் எழும் சந்தேகம் வைட்டமின் பி12 குறைபாடு. இங்குள்ள இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அந்த மாத்திரை பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். சைவ உணவுக்காரராகவும் இருந்துவிட்டால் இரட்டை அடி, ஏனெனில் பி12 இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாகவே கிடைக்கிறது. மூலிகைக் கஷாயத்தில் அது இல்லை.

நாக்கு எரிச்சலோடு இது நின்றுவிடுவதில்லை. பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், ஞாபகம் மங்கும். பாதம் மரத்தால், "சர்க்கரை வியாதி அல்லவா, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். மாதங்கள் ஓடிவிடும். நாள்பட்ட நரம்புச் சேதம் பிறகு முழுமையாகத் திரும்பாமல் போகலாம். பலதுறை மருந்தகத்தில் அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது, "டாக்டர், பி12 பார்க்க வேண்டுமா?" என்று கேட்டாலே போதும். குறைவு என்று தெரிந்தால் ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரிசெய்வார்கள்.

வெளிறிய நாக்கும் இதே கதைதான். ரத்தம் குறைவு என்று சீன மருத்துவர் சொன்னால் அது பெரும்பாலும் தப்பாக இருக்காது. ஆனால் ரத்தம் எங்கே போகிறது? வயதானவர் ஒருவருக்குக் குடலில் புற்று இருந்து, கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டிருக்கலாம். சத்து மருந்து சாப்பிட்டு முகம் தெளிந்தால் அந்தக் கசிவை யாரும் தேடமாட்டார்கள்.

மருந்து விஷயத்தில் சிங்கப்பூருக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. தடித்த மஞ்சள் மாவைக் கண்டால் எழுதப்படும் மூலிகைகளில் ஹுவாங் லியென் முக்கியமானது. அதிலுள்ள பெர்பரின், ஜி6பிடி குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையை முற்றச் செய்கிறது என்ற கவலையால் 1978ஆம் ஆண்டு அது தடை செய்யப்பட்டது. பிறந்த குழந்தைகளுக்கு அந்தக் குறைபாடு உண்டா என்று பார்க்கும் ஏற்பாடு இங்கு நன்றாக வேரூன்றிவிட்டதால், சுகாதார அறிவியல் ஆணையம் மறுபரிசீலனை செய்து 2013ஆம் ஆண்டு அந்த மூலிகைக்கான தடையை நீக்கியது. இருந்தாலும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. டாங் குவெய், டான் ஷென் போன்ற மூலிகைகள் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும். சீன மருத்துவரிடம் ஆங்கில மருந்தைப் பற்றிச் சொல்வதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். டாக்டரிடம் கஷாயத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை, திட்டுவார் என்ற பயம். மாத்திரைப் பட்டையையும் மூலிகைப் பொட்டலத்தையும் ஒரே பையில் போட்டு இருவரிடமும் காட்டிவிட்டால் பேச்சே தேவையில்லை.

கடைசியாக, வெற்றிலை போடும் பெரியவர்களுக்கு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பு கூறுகிறது. குட்கா, கைனி, ஜர்தா ஆகியவை 2016ஆம் ஆண்டு முதல் இங்கு தடை செய்யப்பட்டவை. நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்து மூன்று வாரமாகியும் ஆறவில்லை, அல்லது வழித்தும் போகாத ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது என்றால், சீன மருத்துவரும் வேண்டாம், சித்த வைத்தியரும் வேண்டாம். நேரே பல் மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்துக்கோ போக வேண்டும். ஓரத்தைப் பார்க்க நாக்கின் நுனியை ஒரு துணியால் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்து, வீட்டில் இன்னொருவரை டார்ச் அடிக்கச் சொல்லலாம். கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டினால் மட்டும் அந்த இடம் தெரியாது.