மனசு விட்டுப் பேசப் போகும்போது



போன வாரம் நம் வகுப்பில் ஓர் அக்கா ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தங்கைக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. தங்கை தூங்குவதில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. பிள்ளையைத் தூக்கவும் மனசு வரவில்லை. சும்மா சும்மா அழுகிறார். கவுன்சலிங் போகும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் பயந்து போயிருக்கிறார்கள்.

"அங்கே என்ன செய்வாங்க? கரண்ட் வைப்பாங்களா?" என்று அக்கா கேட்டார்.

நல்ல கேள்வி. அக்காவின் சம்மதத்தோடுதான் இங்கே பேசுகிறேன். நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். ஆனால் என் அத்தைக்குத் துணையாகப் பல மாதம் கவுன்சலிங் போய் வந்திருக்கிறேன்.

முதலில் கரண்ட் பயத்தைத் தீர்த்துவிடுவோம். கவுன்சலிங் என்றால் பேச்சு. அங்கே கரண்ட் கிடையாது. ஊசி கிடையாது. சில கடுமையான மனநோய்களுக்கு டாக்டர்கள் மின்சார சிகிச்சை தருவது உண்டு. அது வேறு. அதையும் மயக்க மருந்து கொடுக்காமல் செய்யக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. சினிமாவில் காட்டுவதை நம்பாதீர்கள்.

அடுத்த பயம், ஊர் என்ன சொல்லும் என்பது. சென்னையில் ஒருவரைக் கேலி செய்ய "கீழ்ப்பாக்கம்" என்பார்கள். நம் ஹைதராபாத்தில் "எர்ரகட்டா" என்பார்கள். அரசு மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடங்கள் அவை. நோயைத் தீர்க்கும் இடத்தின் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம்! எர்ரகட்டா போகத் தயக்கமாக இருந்தால் உஸ்மானியா ஆஸ்பத்திரி இருக்கிறது. காந்தி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கேயும் மனநலப் பிரிவு உண்டு. காய்ச்சலுக்கு வாங்குவது போலவே ஓ.பி. சீட்டு வாங்கலாம்.

சரி, முதல் நாள் என்ன நடக்கும்?

பெரும்பாலும் கேள்விதான். தூக்கம் எப்படி? பசி எப்படி? எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? யாராவது அடிக்கிறார்களா, குடிக்கிறார்களா? "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்றும் கேட்பார்கள். அதிர்ச்சி அடைய வேண்டாம். எல்லோரையும் கேட்கும் கேள்வி அது. உண்மையைச் சொல்லுங்கள்.

கோர்வையாகப் பேச வராவிட்டால் பரவாயில்லை. அழுகை வந்தால் அழலாம். சொல்லப் பிடிக்காததை "இன்னொரு நாள் சொல்கிறேன்" என்று விட்டுவிடலாம். என் அத்தை முதல் நாள் அரை மணி நேரம் அழுதார். அன்று ராத்திரி பாரம் கூடியது போல இருந்தது. "இனிமேல் போகமாட்டேன்" என்றார். நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை. அவராகவே அடுத்த வாரம் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். நாலைந்து தடவை போன பிறகுதான் தூக்கம் வந்தது. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கவுன்சலர் நம் வீட்டுப் பெரியவர்கள் மாதிரி "பொறுத்துப் போம்மா" என்று புத்தி சொல்ல மாட்டார். சொல்பவராக இருந்தால் வேறு ஒருவரைக் கேளுங்கள். அதில் தப்பு இல்லை.

பேசியது வெளியே போகுமா? போகக் கூடாது. ரகசியம் காக்க வேண்டும் என்பது சட்டம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், காப்பாற்றத் தேவையானதைச் சொல்வார்கள். துணைக்குப் போகிறவர்கள் வெளியே உட்காருங்கள். மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகள் என்ன பேசுவாள்? சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

கவுன்சலர் மாத்திரை எழுதுவதில்லை. தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் அனுப்புவார். அவரிடம் "தாய்ப்பால் கொடுக்கிறேன்" என்று மறக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகலாம். நாமாக நிறுத்தக் கூடாது.

அக்காவின் தங்கைக்கு வந்திருப்பது திமிர் இல்லை. பேயும் இல்லை. பிள்ளை பெற்றவர்களுக்குச் சில நாள் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்தைத் தாண்டினால் காட்ட வேண்டும். தங்கைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். அவரை இந்த வாரமே அழைத்துப் போங்கள். தனியாக விடாதீர்கள்.

இன்னொரு சங்கடம் மொழி. நாம் தெலுங்கில் பேரம் பேசுவோம். ஹிந்தியில் ஆட்டோக்காரரோடு சண்டை போடுவோம். ஆனால் மனசில் இருப்பது தமிழில்தான் வரும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு போன் உதவி. 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு இல்லை. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழ் வேண்டும் என்று கேளுங்கள்.

நோட்டை எடுங்கள். எண்ணைப் பலகையில் எழுதுகிறேன். 14416. நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அக்கா, உங்கள் தங்கைக்கு ஒரு தனிச் சீட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.