மகேந்திரகிரியின் கடுங்குளிர்ப் பொறி



கம்பனின் கிட்கிந்தா காண்டம் மயேந்திரப் படலத்தோடு நிறைவுறுகிறது. இலங்கைக்குத் தாவ முனைந்த அனுமன் மயேந்திர மலைமீது பேருருக் கொண்டு நிற்கிறான். அவன் காலூன்றி அழுத்த, மலை கீழே அமிழ்கிறது. அவன் மேலே எழுகிறான். மேலே எழ வேண்டுமாயின் எதையேனும் கீழே தள்ளியாக வேண்டும். வானூர்தியும் ராக்கெட்டும் செய்வது இதுவே. இதனால் கம்பன் ராக்கெட்டை அறிந்திருந்தான் என்பது பொருளன்று. கவிஞன் கண்ட காட்சிக்கும் பொறியாளர் போடும் கணக்குக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. அத்தொலைவைக் கடக்க ஒரு நாடு எவ்வளவு உழைக்க வேண்டியிருந்தது என்பதற்கு, அதே பெயர் தாங்கிய நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியே சான்று. அங்கேதான் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் அமைந்துள்ளது.

ஜெட் விமானம் காற்றை உள்ளிழுத்து, அதிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டே எரிபொருளை எரிக்கிறது. காற்றில்லா வெளிக்குச் செல்லும் ராக்கெட்டோ எரிபொருளோடு ஆக்சிஜனையும் சுமந்து செல்ல வேண்டும். ஆகவே குறைந்த சுமையில் மிகுந்த விசையைப் பெறுவதே ராக்கெட் ஆராய்ச்சியின் உயிர்நாடியாகும். ஒரு கிலோ எரிபொருள், ஒரு கிலோ எடைக்கு ஈடான விசையை எத்தனை நொடிகள் தரவல்லது என்பதே இதற்கான அளவுகோல். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தை இயக்கும் விகாஸ் பொறிக்கு இது ஏறத்தாழ 290 நொடி. ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு எரித்தாலோ 450 நொடியை ஒட்டி வரும். ருஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி 1903ஆம் ஆண்டிலேயே இவ்விணையைப் பரிந்துரைத்தார். எனினும், அமெரிக்காவின் சென்டார் கட்டம் இதனைக் கொண்டு வெற்றியுடன் பறக்க 1963 நவம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது.

ஏன் இத்தனை தாமதம்? ஹைட்ரஜன் திரவமாக இருக்க வேண்டுமாயின் அதைச் சுழியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். ஆக்சிஜனுக்குச் சுழியத்துக்குக் கீழே 183 பாகை. அக்குளிரில் உலோகங்கள் சுருங்கும், சில நொறுங்கும், உராய்வு நீக்கும் எண்ணெய் உறைந்து கல்லாகும். எக்கிகளை முன்கூட்டியே குளிர்விக்காவிடில், உட்புகும் திரவம் ஆவியாகிவிடும். அந்த எக்கிகளோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 40,000 முறை சுழல வேண்டும். சில அடி தள்ளி, எரியறையினுள்ளே 3,000 பாகை வெப்பம் கொதிக்கும். அவ்வறையின் சுவர் உருகாமல் காப்பதும் அதே குளிர்ந்த ஹைட்ரஜன்தான். பனிக்கும் தீக்கும் நடுவே ஒரு கைப்பிடிச் சுவர் என்றால் மிகையாகாது.

இந்நுட்பம் இந்தியாவுக்கு ஏன் தேவைப்பட்டது? இரண்டு டன் எடையுள்ள தொலைத்தொடர்புத் துணைக்கோளைப் பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சுற்றுப்பாதையை நோக்கிச் செலுத்த அதுவே ஏற்ற வழி. அஃதில்லாத நாள்வரை, அயல்நாட்டு ராக்கெட்டுகளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 1991இல் சோவியத் நாட்டின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டது. பொறிகளோடு செய்நுட்பத்தையும் தருவதாக அது கூறியது. ஏவுகணைக் கட்டுப்பாட்டு விதிகளைச் சுட்டிக்காட்டி அமெரிக்கா 1992இல் இரு தரப்பின்மீதும் தடை விதித்தது. 1993இல் ருஷ்யா பின்வாங்கியது. முழுமையாகச் செய்து முடித்த கட்டங்கள் மட்டும் கிடைத்தன. செய்யும் வகை கிடைக்கவில்லை. 1994இல் சொந்தப் பொறிக்கான திட்டம் தொடங்கிற்று.

தடைதான் நம்மை வளர்த்தது என்று முழங்குவது மேடைக்கு இனிமையானது. ஆனால் அது பாதி உண்மையே. 2001 ஏப்ரல் 18ஆம் நாள் பறந்த முதல் ஜி.எஸ்.எல்.வி. ருஷ்யக் கட்டத்தைத்தான் சுமந்து சென்றது. இந்தியாவின் முதற்பொறியும் ருஷ்ய வடிவமைப்பின் வழிவந்ததே. தடையின் விலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அவ்வாண்டுகளை வீணாகாமல் காத்தவை மகேந்திரகிரியின் சோதனை மேடைகள்.

2010 ஏப்ரல் 15 அன்று இந்தியப் பொறி முதன்முதலாகப் பறந்தது. பொறி பற்றிக்கொண்டது, ஆனால் கணநேரத்தில், ஹைட்ரஜனைப் பிரதான எக்கிக்கு ஏற்றித் தரும் சிற்றெக்கி நின்றுபோயிற்று. ஜிசாட்-4 துணைக்கோள் கடலுக்கு இரையாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று, ருஷ்யக் கட்டம் பூட்டிய ராக்கெட்டும் இணைப்பிகள் கழன்று கட்டுப்பாடிழந்து அழிந்தது. இரவல் பொறியும் காப்பாற்றவில்லை.

அறிவியலாளர்கள் பழியை எவர்மேலும் ஏற்றவில்லை. சிற்றெக்கியின் வடிவமைப்பைத் திருத்தினர். தரையில் எரிந்த பொறி வெற்றிடத்திலும் எரியுமா என்ற ஐயத்தைத் தீர்க்க, விண்வெளி போன்ற வெற்றிடத்தை மகேந்திரகிரியிலேயே உண்டாக்கிப் பற்றவைத்துப் பார்த்தனர். 2013 ஆகஸ்டு 19 அன்று, புறப்பட ஒரு மணி பதினான்கு நிமிடமே இருந்தபோது, இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்தது. உலகமே பார்த்திருக்க, ஏவுதல் நிறுத்தப்பட்டது. தொட்டி வேறோர் அலுமினியக் கலவையால் புதிதாகச் செய்யப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று, கடுங்குளிர்ப் பொறி ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் இடையறாது எரிந்து, 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14 துணைக்கோளை உரிய பாதையில் சேர்த்தது.

அதன்பின் வந்த சி.இ.-20 பொறி இருபது டன் விசை தருவது. முந்தைய பொறியினின்றும் வேறான இயங்குமுறை கொண்டது. 2017 ஜூன் 5 அன்று முதன்முதலாகப் பறந்த அது, 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கலத்தை வழியனுப்பியது. அடுத்து, மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் பெரும்பொறிக்கான சோதனை 2025 மார்ச்சில் அதே மகேந்திரகிரியில் நடந்தேறியது.

அனுமனுக்குத் தன் ஆற்றலை நினைவூட்டச் சாம்பவன் தேவைப்பட்டான். மகேந்திரகிரிப் பொறியாளர்களுக்கு அப்பணியைச் செய்தவை சோதனை மேடைகளே. சாம்பவன் புகழ்ந்து சொன்னான்; சோதனை மேடைகளோ குறைகளையே சொல்லின. அவற்றைச் செவிமடுத்தவர்களுக்கே வானம் வழிவிட்டது.