சிசேரியன் சிகிச்சையும் குடலின் சுகமும்

(மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



2019-21ஆம் வருஷங்களில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவங்கள் சிசேரியன் என்னும் சத்திர சிகிச்சையால் நிகழ்ந்தன. ஆதலின், நம்முள் இதனை யறியாத குடும்பம் அரிது. சிசுவைக் கொண்டாடும் நாம், அதனைப் பெற்றவளின் வயிறு படும் பாட்டைக் கவனிக்கின்றோமா என்பதே யான் கேட்க விரும்புவது.

வயிற்றைக் கீறிச் சிகிச்சை செய்தபின், குடல் சிறிது காலம் தன் அசைவை ஒடுக்கிக் கொள்ளுகின்றது. சிறுகுடல் விரைவில் விழித்துக்கொள்ளும்; பெருங்குடல் முன்னைய நிலையெய்த 2 அல்லது 3 நாட்கள் செல்லும். வலியடக்கும் மருந்துகளுள் அபின் இனத்தைச் சேர்ந்தவை இவ்வசைவை இன்னும் தாமதப்படுத்தும். இரும்புச்சத்து மாத்திரைகள் மலத்தை இறுக்குவதும் உண்டு.

முற்காலத்தில் வைத்தியர்களே, காற்றுப் பிரியும் வரையில் அன்னபானங்களை நிறுத்தி வைத்தனர். அவ்வழக்கம் மாறி வருகின்றது. 2019இல் ஈராஸ் சங்கத்தார் வெளியிட்ட விதிகள், சிகிச்சை முடிந்த 2 மணி நேரத்துக்குள் வழக்கமான உணவைத் தொடங்கலாம் என்கின்றன. உணவே குடலை எழுப்பும் மருந்து என்பது இதன் கருத்து. உணவு தாமதமாகுமிடத்துச் சூயிங்கம் மெல்லுவதும் உதவக்கூடும். மெல்லும் வாய், உணவு வருகின்றதென்று குடலுக்கு அறிவிக்கின்றது. 17 ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கிய 2016ஆம் வருஷத்துக் கொக்ரேன் தொகுப்பில், மென்றவர்களுக்குச் சராசரி 7 மணி நேரம் முன்னதாகக் காற்றுப் பிரிந்ததாகக் காணப்படுகின்றது. ஆதலால், மருமகள் சூயிங்கம் மென்றால் மாமிமார் நகைக்க வேண்டாம்!

இனி, நம் வீட்டு வழக்கத்தைப் பார்ப்போம். “பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது, காய்கறி ஆகாது” என்று பெரியோர் அன்பினாலேயே தடுக்கின்றனர். ஆனால், பாலூட்டும் தாய்க்கு நீர் மிகவும் வேண்டும். நீரும் நாருமின்றி மலம் இறுகினால், முக்குங்கால் தையலிட்ட வயிறு நோகும். அந்நோவுக்கு அஞ்சி அவள் மலத்தை அடக்குவாள். அது மேலும் இறுகும். பூண்டும் சுக்கும் பத்தியத்தில் இருக்கட்டும். அவற்றோடு கீரையும் பழமும் போதிய நீரும் இருக்கட்டும்.

படுக்கையிலேயே கிடத்தலும் தகாது. வைத்தியர் அனுமதித்தவுடன், ஒருவர் கைத்தாங்கலாகப் பிடிக்கச் சிறிது சிறிதாக நடத்தல் வேண்டும். இருமும்போது தலையணையொன்றை வயிற்றின்மேல் அழுத்திக் கொண்டால் வலி குறையும். “காற்றுப் பிரிந்ததா?” என்று தாதி கேட்டால் நாணித் தலைகுனிதல் கூடாது, உள்ளதைச் சொல்லுதலே நன்மை.

வயிறு உப்பி இறுகுதல், ஓயாத வாந்தி, காய்ச்சல், நாளுக்கு நாள் மிகும் வலி, காற்றும் மலமும் அடியோடு பிரியாமை ஆகிய இவற்றுள் எது காணினும், கைவைத்தியஞ் செய்து காலங்கடத்தாது உடனே வைத்தியரிடம் தெரிவியுங்கள். அவரைக் கேளாமல் பேதி மருந்து கொடாதீர்கள்.

தாய்மார்களே! பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் விதிக்குமுன், ஒரு செம்பு தண்ணீரை அவள் கைக்கெட்டும்படி வையுங்கள். அதுவே நீங்கள் செய்யும் முதல் உபசாரமாகுக.