பழைய இஞ்சினா, புதிய இஞ்சினா?

நம் பிரம்மதேசம் ஊரிலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் கடற்கரை. நம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. இஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதற்கும் இதுதான் காலம். பழைய படகு வாங்குகிறவர்கள் அப்போது பலகையையும் வர்ணத்தையும் பார்த்தால் போதாது. இஞ்சின் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

பழைய டீசல் இஞ்சினில் டீசலை அளந்து அனுப்புவது வெறும் இயந்திரப் பம்பு. ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரி இறங்கினாலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். புதிய காமன் ரயில் முறை 1997இல் கார்களுக்கு வந்தது. 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசலைத் தேக்கி, கணினி சொல்லும் கணத்தில் பீய்ச்சும். புகையும் சத்தமும் குறைவு, டீசலும் மிச்சம். ஆனால் உப்புக்காற்றில் சென்சார் வயர் அரித்தால் நடுக்கடலில் ஸ்பேனர் மட்டும் போதாது. டீசலில் தண்ணீர் கலந்தாலோ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரே போய்விடும்.

பக்கத்தில் கணினி வைத்துப் பார்க்கும் மெக்கானிக் இல்லாத சிறு படகுக்காரருக்கு, நன்றாகப் பராமரித்த பழைய இஞ்சினே நல்லது என்பேன். தினமும் நெடுந்தூரம் ஓடுபவருக்குப் புதியதில் மிச்சமாகும் டீசல் பெரிய பணம்.

எதை வாங்கினாலும், இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போய் நில்லுங்கள். முன்கூட்டிச் சூடாக்கி வைத்தால் ஸ்டார்ட் ஆகும் சிரமம் தெரியாது. நீலப்புகை நீடித்தால் ஆயில் எரிகிறது. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்தப் படகுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.