பல பண்பாட்டு விழாவும் நம் பறையும்



வெள்ளி விழாவின் நிறைவாக, மீனவர் குப்பத்தார், இஸ்லாமியர் தெருவினர், நரிக்குறவர் குடியிருப்பினர், ஊர்த்தெருவினர் ஆகிய எல்லோரையும் அழைத்து, அவரவர் ஆட்டமும் பாட்டும் உணவும் ஒரே திடலில் அமையுமாறு விழா எடுக்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது. உடனே நம் இளைஞர்கள் இரு பிரிவாயினர். பறை முழங்காமல் நமக்கு என்ன விழா என்றனர் ஒரு சாரார். சாவு வீட்டு வாசலில் பாட்டனார் கட்டளைக்கு அஞ்சி அடித்ததை, இனித் தொடோம் என்று தந்தையர் விட்டொழித்ததை, நாமே மேடையேற்றுவதா என்றனர் மறு சாரார். இரண்டுமே தன்மானத்திலிருந்து பிறந்த சொற்கள். ஆகவே, நம் கருத்தைக் கூறுமுன் கடல் கடந்த ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

இலண்டன் மாநகரில் நாட்டிங் ஹில் என்றொரு பகுதி உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் அங்கு நடைபெறும் தெருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் திரளுகின்றனர். இன்று அதனைப் பார்ப்போர் கண்ணுக்கு வண்ண உடையும் ஆட்டமும் மட்டுமே தெரியும். அது பிறந்த கதையோ வேறு. இரண்டாம் உலகப் போருக்குப்பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிழைப்புக்காகச் சென்ற கறுப்பின மக்களுக்கு அந்நகரில் வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிதாயிருந்தது. 1958 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெள்ளையர் கும்பல்கள் நாட்டிங் ஹில்லில் அவர்களுடைய வீடுகளைத் தாக்கின.

டிரினிடாடில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, அரசியல் கருத்துக்காக அங்கே சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்ட கிளாடியா ஜோன்ஸ் என்னும் அம்மையார் அப்போது இலண்டனில் ஒரு செய்தித்தாள் நடத்தி வந்தார். அடிபட்ட மக்கள் தலைகுனிந்து நிற்றல் கூடாதென்று, 1959 சனவரி 30 அன்று செயின்ட் பான்கிராஸ் நகர மண்டபத்தில் தம் தீவின் கார்னிவல் விழாவை நடத்தினார். கடுங்குளிர்க் காலமாதலின் விழா மண்டபத்துக்குள் நடந்தது. விழா மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் அபராதம் விதிக்கப்பட்ட கறுப்பு, வெள்ளை இளைஞர்களுக்கு உதவும் என்று அம்மலரிலேயே அச்சிட்டிருந்தனர். வெள்ளை இளைஞரையும் சேர்த்தே அச்சிட்டிருந்தனர் என்பதைக் கவனியுங்கள். நம்மில் எத்தனை பேருக்கு அந்த மனம் வரும்? நமக்கே ஐயந்தான்.

பின்னர், 1966இல், ரோன் லாஸ்லெட் என்னும் சமூகப் பணியாளர், அப்பகுதியில் வாழ்ந்த பல நாட்டினரையும் சேர்த்துத் தெருவில் விழா எடுத்தார். ரசல் ஹென்டர்சன் குழுவினர் தம் எஃகு வாத்தியங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வீதிவழியே நடந்தனர், மக்கள் பின்தொடர்ந்தனர்.

அந்த வாத்தியத்தின் கதையே நமக்கு முதன்மையானது. டிரினிடாடில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் மேளத்தை ஆங்கில ஆட்சி 1880களில் அடக்கியது. அவர்கள் மூங்கிலை வெட்டித் தட்டினர். பின்பு பிஸ்கட் தகரம், வண்ணத் தகரம், இறுதியில் எண்ணெய்ப் பீப்பாய். அதன் முகப்பைக் குழிவாகத் தட்டி, சூடேற்றி, ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு சுரம் எழச் செய்தனர். அதனை வாசித்தவர்களைப் போக்கிரிகள் என்றனர். ‘நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்’ அருகே செல்லவும் தடை. அதே வாத்தியம் 1992இல் அந்நாட்டின் தேசிய வாத்தியமாயிற்று. 2023இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆகஸ்டு 11ஐ அதற்குரிய உலக நாளாக அறிவித்தது.

ஆயினும் அவர்கள் கதை முழுதும் நம் கதையன்று. அடிக்காதே என்று அவர்களைத் தடுத்தார்கள். அடி என்று நம்மைக் கட்டாயப்படுத்தினார்கள். ஆதலால் மேளத்தை எடுத்தது அவர்களுக்கு விடுதலையாயிற்று. மேளத்தைக் கீழே வைத்தது நம் தந்தையர்க்கு விடுதலையாயிற்று. பறையை எரித்த ஊர்களும் உண்டு. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என ஐந்நிலத்துக்கும் உரியதாக இலக்கணம் பறையை எண்ணியது என்று நாம் வகுப்பில் நடத்துகிறோம். அப்பெருமையைச் சொல்லி, சாவு வீட்டு வாசலில் கூசி நின்ற ஒருவருடைய நினைவை அழித்துவிட இயலாது.

நாம் எட்டாம் வகுப்புப் படிக்கையில் பள்ளி ஆண்டுவிழா வந்தது. ஒப்புவித்தற்குப் பாரதிதாசன் பாடலொன்றை மனப்பாடம் செய்திருந்தோம். நம் தெருப் பிள்ளைகள் ஐவரையும் அழைத்து, சிறப்பு விருந்தினரை வாயிலில் பறையடித்து அழைத்துவரப் பணித்தனர். அடித்தோம். விருந்தினர் உள்ளே சென்றதும் எம்மை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டனர். பாடல் நெஞ்சிலேயே தங்கியது. அன்று அங்கேயும் ‘எல்லாக் கலைகளும்’ இடம்பெற்றனவென்றே பேசியிருப்பர்.

எனவே பறை முழங்கட்டும். ஆனால் வாயிலில் அன்று, மேடையில். அடிப்போர் நம் பிள்ளைகள் மட்டுமாக இராமல், பெண்பிள்ளைகளும் பிற தெருப் பிள்ளைகளும் நம்மிடம் கற்று உடன் அடிக்கட்டும். விருப்பமில்லாதவரை எவரும் வற்புறுத்தல் ஆகாது. மலர் விற்ற பணத்தில், எத்தெருவினராயினும், தேர்வுக் கட்டணம் கட்ட இயலாத மாணவர்க்கு ஒரு பங்கு ஒதுக்கவேண்டும். இன்னொன்று: முதல் அடி விழுமுன், பறையைக் கீழே வைத்த நம் பெரியவர்களுள் ஒருவர் மேடையேறி, ஏன் வைத்தோம் என்பதைத் தம் வாயால் அனைத்துத் தெருவினர்க்கும் கூறவேண்டும். அவருக்கு நேர வரம்பு வைக்கவேண்டாமெனச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.